பிடுங்கிப் பார்க்காத வினைச்சொல்

தலைமை தாங்கும் தாளாளர் திரு. தேவேந்திரன் ஐயா அவர்களே! மழலைகளின் மூக்கையும் மனக்கவலையையும் ஒருசேரத் துடைத்துவிடும் ஜெனிட்டா மிஸ் அவர்களே! திருப்போரூர் வெயிலைத் தலையில் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! சிறுசேரி ஐ.டி. கம்பெனிகளில் பர்மிஷன் சொல்லிவிட்டு வந்து, பின்வரிசையில் காதில் ஒயரோடு மீட்டிங் நடத்தும் தந்தையரே! மருமகள் எந்த இடத்தில் உளறுவாள் என்று முன்வரிசையில் காத்திருக்கும் என் மாமியார் அவர்களே! அனைவருக்கும் இந்த சுவேதாவின் அச்சம் கலந்த வணக்கம்.

அச்சம் எனக்குப் புதிதல்ல. பிள்ளை தும்மினால் அச்சம். தும்மாவிட்டால், ஏன் இன்னும் தும்மவில்லை என்று அச்சம். அப்பேர்ப்பட்டவளை மேடையேற்றியது எது? நம் பள்ளி வாசலில் எழவிருக்கும் அலங்கார வளைவு! உங்கள் பிள்ளையை நாங்கள் இன்னது செய்கிறோம் என்று அதில் ஆங்கிலத்தில் எழுத வேண்டுமாம். அந்த 'இன்னது' எது என்று பெற்றோர் சங்கத்தில் ஓயாத சண்டை. "சுவேதா பி.ஏ. இங்கிலீஷாச்சே, அதுவே வந்து சொல்லட்டும்" என்று என்னை மாட்டிவிட்டார்கள்.

சங்கச் செயலாளர் பார்த்திபன் அண்ணன் கேட்பது 'பூஸ்ட்'. சொல்லோடு விட்டாரா? அதே பெயரில் சனிக்கிழமைதோறும் ஒரு வகுப்பு! வாய் திறக்காத எல்.கே.ஜி. பிள்ளைகளை மைக் முன்னால் நிறுத்தி ஆங்கிலம் பேசவைக்கும் வகுப்பு. அதில் முதல் பெயர் யாருடையது? என் மகள் மகிழினியுடையது. வீட்டில் குக்கர்கூட அவளிடம் அனுமதி கேட்டுத்தான் விசில் அடிக்கும். பள்ளி வாசலைத் தாண்டினாலோ வாய்க்குப் பூட்டு. ஜூனில் சேர்ந்தவள், பொங்கல் கழிந்தும் இங்கே ஒரு சொல் உதிர்க்கவில்லை. இன்று நீங்கள் அதற்குக் கையுயர்த்தினால், வரும் சனிக்கிழமை அவள் மைக் முன்னால் நிற்க வேண்டும். ஆகவே நான் நடுநிலையாளர் அல்ல. இப்போதே சொல்லிவிட்டேன்!

என்ன பார்த்திபன் அண்ணா? "அஞ்சு நிமிஷந்தாம்மா டைமு" என்கிறீர்களா? இன்னும் வணக்கமே சூடு ஆறவில்லையே!

வளரச் செய்வதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லா, இரண்டு சொல்லா? எல்லாம் ஒன்றுபோல் சிரிக்கும். ஒவ்வொன்றும் வேறு வேலை செய்யும். 'என்கரேஜ்' என்பவர் மாமல்லபுரம் கரையில் நிற்பவர். படகு தள்ளுகிறவனைப் பார்த்து, "பயப்படாத மச்சான், பெரிய அலையில்ல, போ!" என்பார். நல்ல மனிதர்தான். ஆனால் கால் நனையாது! 'புரமோட்' யார்? நம் ஊர் மனை விற்பனைக்காரர். முள்ளுக்காட்டைக் காட்டி, "பத்து நிமிஷத்துல ஏர்போர்ட்டு சார்" என்பார். நிலம் ஓர் அங்குலமும் வளராது, நோட்டீஸ் மட்டும் வளரும். 'நர்ச்சர்' நம் கட்சி, தாய்மார்களே! கிண்ணமும் கையுமாக மொட்டைமாடி வரை துரத்திப்போய் ஊட்டுகிறோமே, அதுதான். அளவோடு இருந்தால் அமுதம். அளவு தாண்டினால் பிள்ளை அடுத்த வீட்டு மாடிக்கு ஓடிவிடும்.

அண்ணன் கேட்கும் 'பூஸ்ட்'? பேருந்துப் படியில் ஏற முடியாத குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிடுவது. தப்பா? தப்பே இல்லை! ஆனால் குழந்தை ஏறப் போவது எந்தப் பேருந்து என்று பார்த்துத் தூக்க வேண்டாமா?

இங்கே என் கணவர் அரவிந்தனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். காதிலிருந்து ஒயரை எடுங்கள், உங்களைப் பற்றித்தான்.

இதே ஊரில் ஒரு மனை வாங்கினோம். வீடு கட்டும் வரை சும்மா கிடப்பானேன் என்று வேர்க்கடலை விதைத்தார். உழுதார், உரம் போட்டார். அதற்குப் பெயர் 'கல்டிவேட்'. பூவும் பூத்தது. கடலை எப்படிக் காய்க்கும் தெரியுமா? பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஒரு விழுது இறங்கி, மண்ணுக்குள் நுழைந்து, யார் கண்ணிலும் படாமல் காயாகும். யார் கண்ணிலும் படாமல்! சிறுசேரிக்காரருக்கு அது பொறுக்குமா? வாரந்தோறும் ரெவ்யூ வைத்துப் பழகிய மனிதர் அல்லவா? ஞாயிறுதோறும் வரிசைக்கு ஒரு செடியைப் பிடுங்குவார், பார்ப்பார், படம் எடுப்பார், திரும்ப நட்டுத் தண்ணீர் ஊற்றுவார்.

பக்கத்து மனையில் ஆடு மேய்க்கும் சரோஜா அக்கா கேட்டே விட்டார்: "இன்னா நைனா, வாரா வாரம் புடுங்கிப் பாத்துகினு கீற?"

"ஸ்டேட்டஸ் பாக்கறேங்க்கா."

"நீ பாக்கறத பாத்தா, என் ஆடே தேவலாம் போல கீது. அது மேலதான் மேயும்!"

அறுவடை நாளில் என்ன கிடைத்தது? வேலியோரம் முள் கிடந்ததால் இவர் கால் வைக்காத மூலையில் மட்டும் கொத்துக் கொத்தாய்க் கடலை! மற்ற இடமெல்லாம் செல்பேசி நிறையப் படம்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் தினமும் மாலையில் பள்ளி வாசலில் நாம் என்ன செய்கிறோம்? "இன்னிக்கு மிஸ்கிட்ட பேசினியா? இன்னா பேசின? சொல்லு, சொல்லு!" பிடுங்குகிறோமா இல்லையா? நானும்தான் பிடுங்குகிறேன்! சனிக்கிழமை அதையே மைக் வைத்துப் பிடுங்க வேண்டுமா?

ஆகவே வளைவுக்கு நான் கேட்கும் சொல் 'ஃபாஸ்டர்'. வேகமாக ஓடச் சொல்லும் 'ஃபாஸ்டர்' அல்ல, எஃப்-ஓ போட்ட 'ஃபாஸ்டர்'! பிறர் பிள்ளையைத் தன் பிள்ளைபோல் வளர்ப்பது அதன் பழைய பொருள். இடம் கொடு, ஈரம் கொடு, இறங்குகிற விழுதை இறங்கவிடு. தள்ளாதே, தோண்டாதே! ஜெனிட்டா மிஸ் ஏழு மாதமாக என் மகளைத் தம் நாற்காலிக்கு அருகே உட்கார வைத்திருக்கிறார். ஒரு நாளும் பேசு என்று சொன்னதில்லை. இதோ, இப்போதும் அவள் அவர் பக்கத்தில்தான்...

ஐயா, ஒரு நிமிடம். அவையோரே, மெதுவாகத் திரும்பிப் பாருங்கள். சத்தம் வேண்டாம்! என் மகள் மிஸ்ஸின் காதில் ஏதோ சொல்கிறாள்.

சொல்கிறாள்! கை மறைத்துக்கொண்டு சொல்கிறாள்! மிஸ் சிரிக்கிறார்!

யாரது, "மிஸ், இன்னா சொல்லிச்சு?" என்பது? பார்த்திபன் அண்ணா, உட்காருங்கள்! அத்தை, நீங்களும்தான்! மிஸ், சொல்லாதீர்கள். யாருக்கும் சொல்லாதீர்கள். எனக்கும் சொல்லாதீர்கள். கீழே இறங்கி வந்து நான் கெஞ்சுவேன், அழுவேன், காபி வாங்கித் தருவேன், அப்போதும் சொல்லாதீர்கள்! மண்ணுக்குள் இருக்கட்டும்.

சனிக்கிழமை வகுப்பு வேண்டாம், வளைவில் 'ஃபாஸ்டர்' போதும் என்பவர்கள் கையுயர்த்துங்கள். அடேயப்பா! அண்ணா, தலையைச் சொறிவதுபோல் மேலே போன உங்கள் கையையும் சேர்த்துக்கொள்ளட்டுமா? நல்லது.

பொறுமையாய்க் கேட்ட பெரியோருக்கும், பொறுக்காமல் கேட்ட கணவருக்கும், பிறர் பிள்ளைக்குக் காது கொடுத்த மிஸ்ஸுக்கும் நெஞ்சம் நிறைந்த நன்றி. மைக்கை நீங்கள் பிடுங்குமுன் நானே கொடுத்துவிடுகிறேன். வணக்கம்!