கரண்ட் போகாத ஊர்

பர்மாவில், தாமுவே போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு தமிழ்ப் பெண்கள்.

"சிங்கப்பூர்ல கரண்டே போகாதாம். பாவம் எம்பொண்ணு," என்றார் மூத்தவர்.

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"படிக்கப் போன புள்ளைக்கு அது நல்லதுதானேக்கா? இதுல என்ன பாவம்?"

"நேத்து அவகூட போன்ல பேசிட்டிருக்கேன், இங்க கரண்ட் வந்துச்சு. வழக்கம்போல தெருவே கரண்ட் வந்த சந்தோஷத்துல 'மீ லா பீ'ன்னு பர்மாக்காரங்க பாஷையில கத்துச்சு. அதைக் கேட்டு அவளும் அங்கேருந்து கத்துறா."

"ஹாஸ்டல்லயா?"

"ஆமா. பக்கத்து ரூம் புள்ளைங்க பயந்துபோய் ஓடியாந்து, என்ன ஆச்சுன்னு கேட்டிருக்காங்க."

"என்ன சொன்னாளாம்?"

மூத்தவர் சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"'எங்க வீட்ல கரண்ட் வந்துருச்சு'ன்னாளாம்."