பிரஷர் எறங்குன வழி

என்னயவா கேக்குற? ஆமாம்மா, அந்த அம்சவள்ளி நான்தான். இன்னும் அர மணி நேரத்துல மைக் புடிச்சிப் பேசப் போறவ. டாக்டரு விட மாட்டேங்குறாரு லா. நூத்தித் தொண்ணூறுல கெடந்த பிரஷரு நாலு மாசத்துல நூத்தி இருவத்தாறுக்கு வந்துருச்சாம். இந்தக் கிளினிக்குலயே யாருக்கும் இப்படி எறங்கலையாம். எப்படின்னு எல்லாருக்கும் சொல்லணுமாம்.

ஒனக்கு எவ்வளவு? நூத்தி அறுவதா? இந்த வயசுலயா? ஓ, ராவாங் ஃபேக்டரியில வேல, லீவுக்கு அம்மா வீட்டுக்கு வந்தியா. அப்ப சரி, சூப்பர்வைசர் ஒருத்தனே போதும்.

மருந்தா? மூணு வருஷமா அதே மாத்திரதான். உப்பா? போம்மா, கருவாடு இல்லாம எனக்கு சோறு எறங்காது. யோகாவுக்கும் ஒரு நா போனேன். கால மடக்குனதுதான், தூக்கி விட ரெண்டு நர்ஸு மிஸ்ஸி ஓடி வர வேண்டியதாப் போச்சி.

முன்ன என்னயப் பாத்திருக்கணும் நீ. தலமுடி கொத்துக் கொத்தா சீப்புல வரும். வயிறு எரியும். பல்லக் கடிச்சிக் கடிச்சி கடவாப்பல்லு பாதி தேஞ்சே போச்சி. டாக்டரு படம் போட்டு வெளக்குனாரு. பயம் வந்தா ஒடம்பு என்னமோ ஒன்ன ரத்தத்துல தொறந்து விடுமாம், ஓடுறதுக்கு, இல்ல அடிக்கிறதுக்கு. பயம் போனா தானா அடங்கிருமாம். அடங்காம நாள்பூரா ஓடுனாத்தான் நெஞ்சு, கொடலு, தூக்கம் எல்லாத்தயும் திங்குமாம். நான் சொன்னேன், டாக்டர், என் பைப்ப எவனோ தொறந்து வச்சிட்டுப் போயிட்டான்னு. அவரு விழுந்து விழுந்து சிரிக்கிறாரு.

எவன்னா கேக்குற? என் மகன்தான், தனேஷ். மூணு வருஷத்துக்கு முன்ன, சுங்கை பெசாருக்குப் போயி சாப்பாடு வாங்கிட்டு வரேம்மான்னு மோட்டர்சைக்கிள எடுத்துட்டுப் போனான். வரல. போலீஸு, கோயிலு, சாமியாடி, எல்லாத்தயும் பாத்தாச்சி. ஒருத்தன் கெர்லிங்ல பாத்தேன்னான், இன்னொருத்தன் சிங்கப்பூருன்னான். ரோட்டுல எந்த மோட்டரு போனாலும் வாசலுக்கு ஓடுவேன். ஒரு நாளைக்கு எத்தன மோட்டரு போவும், நீயே சொல்லு.

நாலு மாசத்துக்கு முன்ன, சுங்கை பஞ்சாங்ல வயலுக்குத் தண்ணி போற பெரிய வாய்க்கால தூரு வாருனாங்க. மோட்டரும் இருந்துச்சி, அவனும் இருந்தான்.

அட, நீ எதுக்கு அழுவுற? அன்னிக்கு எல்லாரும் என்னயக் கட்டிப் புடிச்சித்தான் அழுதாங்க. காரியமெல்லாம் முடிஞ்சி படுத்தேன் பாரு, மறுநா மத்தியானம் வரைக்கும் தூங்குனேன். வெக்கமா இருக்கும்மா. மகன் செத்துட்டான்னு தெரிஞ்சதும் பெத்தவளுக்கு ஒடம்பு தேறிருச்சின்னு மைக்குல சொல்ல முடியுமா?

வெண்டிக்காய ஊற வச்சி அந்தத் தண்ணியக் குடிச்சேன்னு சொல்லிடப் போறேன். எழுதிக்கிட்டுப் போவட்டும்.