லோஷன் வரிசையில் பதினேழாவது ஆள்

“அறிக்கையில் என் பெயரையும் போடுங்க சார்” என்று கேட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே, கிளினிக்கில் எனக்கு மூத்தவளான பிரவீனா சொல்லியிருந்தாள்: “சம்பளம் கேளு, லீவு கேளு. பேரை மட்டும் கேட்டுப்போடாத கண்ணு.”

டாக்டர் சுரேந்தர் சிரித்தார். “ஏனுங்க அம்மணி, முடி எண்ணுனவங்க பேரெல்லாம் போட்டா, கேட்டைத் தொறந்துவுட்ட வாட்ச்மேன் பேரையும் போடோணுமே?”

ஆர்.எஸ்.புரத்தில் அவருடைய கிளினிக். வழுக்கை விழுந்த ஆண்கள் நாற்பது பேர். இருபது பேர் வாரம் மூன்று நாள் லேசர் தொப்பி மாட்டி உட்கார வேண்டும். இருபது பேர் தினம் இருவேளை லோஷன் தேய்க்க வேண்டும். எதில் முடி அதிகம் வளர்கிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு. தலை தலையாகப் படமெடுத்து, பெரிதாக்கி, முடிகளை எண்ணியவள் நான். என் அம்மா இன்றும் வெங்காயக் காட்டில் களை வெட்டுகிறாள். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி.

பக்கவிளைவுகளைக் கேட்டு எழுதுவதும் என் வேலைதான். எங்கள் ஊர்க்காரர்களிடம் “தொந்தரவு ஏதாவதுங்களா?” என்றால், மரியாதைக்கு “ஒண்ணுமில்லீங்க” என்பார்கள். உட்காரவைத்து மறுபடி கேட்டால்தான் உண்மை வரும். டாக்டர் சிரித்த நாளிலிருந்து மறுபடி கேட்பதை நிறுத்தினேன். கோபத்தில் அல்ல. படிவத்தில் அந்தக் கேள்வி ஒருமுறைதான் இருந்தது.

லோஷன் வரிசையில் பதினேழாவது ஆள் போத்தனூர் பொங்கியண்ணன். ஐம்பத்தாறு வயது. “மக கல்யாண போட்டோல மாப்பிள்ளை மூஞ்சியவுட எந்தலை மின்னக்கூடாதுங்க அம்மணி” என்பார். சீக்கிரம் வளரட்டுமென்று இரண்டு மடங்கு தேய்த்தார். பாட்டில் காலியாகும் வேகமே சொன்னது. மூன்றாம் மாதம் செருப்பு வார் அவர் காலில் ஆழமாகப் பதிந்திருந்தது. மாடி ஏறியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அந்த லோஷன் சிலருக்கு இதயத்தைப் படபடக்க வைக்கும், கால் வீங்கும் என்று மருந்தோடு வந்த தாளில் படித்திருந்தேன்.

“தொந்தரவு ஏதாவதுங்களா?”

“ஒண்ணுமில்லீங்க.”

‘இல்லை’ என்று எழுதி அடுத்த பாட்டிலைக் கொடுத்தேன். ஐந்தாம் மாதம் செருப்பே நுழையாமல் வெறுங்காலோடு வந்தார். அன்றும் ‘இல்லை’ என்றே எழுதினேன். அன்று இரண்டு பாட்டில் கொடுத்தேன்.

லேசரும் லோஷனும் சமம், லோஷனால் ஒருவருக்கும் கெடுதல் இல்லை என்று டாக்டர் தன் ஒற்றைப் பெயரில் அறிவிக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒருவர் சாக வேண்டும். நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான். அறிக்கை வெளியான ஒன்பதாம் நாள் பொங்கியண்ணன் மூச்சுத் திணறி இறந்தார். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அந்தச் சாவை விசாரித்த குழுவிலிருந்த அம்மா தணிவாகத்தான் கேட்டார். “கால் வீங்குனது உன்ற கண்ணுல படலியா சாமி?”

“பட்டதுங்க. தெரிஞ்சேதான் எழுதலைங்க.”

டாக்டரின் முகத்தில் ரத்தமே இல்லை. மற்றவர்களின் படிவங்களையும் புரட்டினார்கள். எல்லாவற்றிலும் ‘இல்லை’.

“வேற ஏதாவது சொல்லோணுமா?”

லோஷன் வரிசையில் இன்னும் மூன்று பேருக்குக் கால் வீங்கியிருக்கிறது. இன்னும் தேய்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதைச் சொல்வதில்லை என்று வரும்போது பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். ஒரு சாவென்றால் விதி என்று டாக்டர் தப்பித்துவிடுவார்.

“ஒண்ணுமில்லீங்க” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்த மூன்று பேர்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது.