தாடிப்பாசி ரிப்போர்ட்

இல்ல மேடம், உங்கள நம்பமாட்டேன். மடியில ஃபைலக் கட்டிப் பிடிச்சிருக்கிற லட்சணத்துலயே தெரியுது, மந்திரி ஆபீஸ் ஆளுன்னு. புது பூட்ஸ் போட்டுக்கிட்டு இந்தப் பஸ்ஸுல ரொவானியெமி டவுனுக்கு வேற யாரு போவா? இன்னிக்குக் கூட்டத்துல மரம் வெட்டக் கையெழுத்து விழுந்தா, நாளைக்கே எங்க நீலாஸ் மாமா பனிமான் மேய்க்கிற காட்டுல ரம்பம் இறங்கிரும்.

எத்தனை மானா? அதெல்லாம் கேக்கப்படாது. உங்க பேங்க்ல எவ்வளவு இருக்குன்னு நான் கேட்டனா? போன மாசம் உங்க ஆளுங்களும் வந்ததும் வராததுமா அதைத்தான் கேட்டாங்க. மாமா காபிய ஊத்திக் குடுத்துட்டு வாயத் திறக்காம உக்காந்துட்டாரு. ஆட்சேபணை இல்லன்னு எழுதிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. நல்லா இருக்குல்ல?

மழை பெஞ்சு பனி மேல ஐஸ் இறுகிட்டா மானுக்குத் தரையத் தோண்ட முடியாது. கிழட்டு பைன் மரத்துல தொங்குற தாடிப்பாசிதான் அதுக்குச் சோறு. அந்தப் பாசி எங்க காட்டுல பேருக்குத்தான் இருக்குன்னு விஞ்ஞானிங்க ரிப்போர்ட்டு. முன்னூறு வருஷத்து மரத்துல! காதுல பூ சுத்தவும் ஒரு அளவு வேணாம்? அத எழுதின எங்க காலேஜ் பேராசிரியர் வெய்க்கோவும் உங்க துறை இயக்குநரும் ஒரே சவுனாவுல, அதான் அந்த நீராவிக் குளியல் ரூம்ல, ஒண்ணா வேர்த்தவங்க. அங்கயே பேசி முடிச்சிருப்பாங்க.

என்னது? மறுபடி அளக்கணும்னு வெய்க்கோ கேட்டாரா? உங்ககிட்டயா?

நேரமில்லன்னு நீங்கதான் சொன்னீங்களா... ம். அப்போ அவருக்கே சந்தேகம் வந்திருக்கு.

இல்ல, ஒண்ணுமில்ல. எப்படி அளப்பாங்கன்னு தெரியுமா உங்களுக்கு? கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கி இருபது இடம் காட்டும். அந்த இடத்துக்கே போய் அளக்கணும். ரோட்டோரத்துல அளக்கவே கூடாது, அங்க காத்து பாசியப் பிச்சுக்கிட்டுப் போயிரும். இடுப்பளவு பனி. பனி ஸ்கூட்டர் வேற மக்கர் பண்ணிருச்சு. நாலு இடத்துக்குத்தான் உள்ள போனது. மிச்சம் பதினாறையும் அளந்தது ரோட்டுலருந்து கூப்பிடு தூரத்துல. ஃபாரத்துல மட்டும் கம்ப்யூட்டர் சொன்ன இடம்.

எனக்கு எப்படித் தெரியுமா?

ஃபைலப் பிரிங்கக்கா. கடைசிப் பக்கம். அளந்தவர்னு போட்டு சுன்னான்னு ஒரு பேர் இருக்கா? நான்தான். மாமாவுக்கு இன்னும் தெரியாது.

பேனா வச்சிருக்கீங்களா? ஊர் வர்றதுக்குள்ள நடந்தத எழுதிக் குடுத்துடறேன்.