தெருவுக்குப் பதினஞ்சு வாரம்

— கத்தாதீங்கக்கா! நர்ஸுன்னா கணக்குகூட சொல்லக் கூடாதா?

— கத்துவேன்தான்! பிள்ளையார்பாளையத்துல ஒரே ஒரு தெரு. அதுக்கு ஊசி போட்டு முடிக்கப் பதினஞ்சு வாரமா, திரிஷா?

— உங்க தெருவுல பதினெட்டு தாண்டினவங்க எரநூத்தி நாப்பது பேரு. வாரத்துக்குப் பதினாறு பேருதான் வர்றாங்க. நீங்களே வகுத்துப் பாருங்க, கங்கையம்மாக்கா.

— என் பொண்ணு காயத்ரி கல்யாணத்துக்கு ஒம்போது வாரம்தான் இருக்குது. மாப்பிள்ளை வீட்டுல போன வருசம் கொரோனாவுல அப்பாவைப் பறிகொடுத்தவங்க. தெரு மொத்தமும் ஒரு ஊசியாவது போட்டாத்தான் கால் வைப்போம்னு செவிலிமேட்டுலேர்ந்து சொல்லி அனுப்பிட்டாங்க.

— ஜனங்க பயந்துக்கினு வரலேன்னா நான் என்ன பண்றது?

— பயமா? நல்லா கண்டே! பாதிச் சேலை தறியில கிடக்குதும்மா. ஊசி போட்டா ரெண்டு நாளைக்குக் கை தூக்க முடியலே. நீயா வந்து நாடா வீசி நெய்வே? சேலை முடிஞ்சு தறியை விட்டு இறங்கின அன்னிக்கு வா, வீடே வரிசையில நிக்கும்.

— எந்த வீட்டுல என்னிக்கு இறங்கும்னு யாருக்குத் தெரியும்? ஒரு பாட்டிலைத் திறந்தா நாலு மணி நேரத்துக்குள்ள பத்து பேரு வேணும். இல்லேன்னா மீதி குப்பைக்கு.

— எனக்குத் தெரியும், எழுதிக்கோ. மயில்வாகனம் வெள்ளிக்கிழமைன்னுவான், நம்பாதே. மச்சான் வந்துக்கிறான், சீட்டாட்டம் ஓடுது. திங்கள்னு போடு. குப்புசாமி பொண்டாட்டி கோவிச்சுக்கினு தாய்வீடு போயிட்டா. அவ தறியில கூட உக்காந்தாத்தான் பார்டர் நகரும். புதன்கிழமை வந்துடுவா.

— எப்படி அவ்ளோ உறுதியா?

— அதுக்கு மேல அவளை அவ அம்மாவே தாங்கமாட்டா.

— சரி, ஒரு சேலைக்கு எத்தினி நாளு?

— பதினஞ்சு. மிஞ்சிப் போனா இருபது.

— அப்போ, ஒரு நாளைக்குப் பத்து பேரா சேர்த்துக் குடுத்தீங்கன்னா, நானும் பெட்டி தூக்குற ஜெபகுமாரும் தினம் வந்துடுவோம்... அக்கா! இருபத்து நாலு நாள்ல முடிஞ்சுடும்!

— ஊர்வம்பு பேசறேன்னு என்னைத் திட்டறவங்களை எல்லாம் கூப்பிட்டு இதைச் சொல்லு. ம்... அடுத்த வீடு எழுது.

*

— ரெண்டாவது ஊசிக்கு லிஸ்ட் எடுத்தாந்தேன்கா. காயத்ரிக்கு இனிமே செவிலிமேட்டுலதானே?

— அவ அங்கே எங்கே போனா? முதல் ஊசி இருபத்தாறாம் நாள் முடிஞ்சுதா, அன்னிக்கே மாப்பிள்ளைக்குப் போன் போட்டா. 'நீங்க எப்ப போட்டுக்கினீங்க'ன்னு கேட்டா. போடவே இல்லியாம்மா! ஊசியைப் பார்த்தா தலை சுத்துதாம்.

— அடப்பாவமே!

— 'ஒரு தெருவே கை நீட்டிச்சு, உங்க ஒரு கை நீளலியா'ன்னுட்டு, கல்யாணமே வேணாம்னுட்டா.

— இப்ப எங்கேக்கா இருக்குறா?

— தென்னேரியில. ஜெபகுமாரைக் கட்டிக்கினு.

— என்கூட தினம் ஊசிப் பெட்டி தூக்கினு வந்த ஜெபகுமாரா? சொல்லாம கொள்ளாம வேலையை விட்டானே, அவனா? எனக்குத் தெரியவே தெரியாதுக்கா!

— எனக்கு மட்டும் தெரியுமா? இருபத்தாறு நாளும் நான் அடுத்த வீட்டையே பார்த்துக்கினு இருந்தேன்.