நகர்ந்த புள்ளி

எங்கள் வீதியில் இன்றைக்கு யார் வீட்டில் என்ன குழம்பு என்று வாசனை பிடித்தே சொல்லிவிடுவேன், இன்ஸ்பெக்டர் ஐயா. அதனால்தான் சின்னப்பராஜ் வாத்தியார் செத்த அன்றும் சனம் முதலில் என்னிடம் வந்தது. முத்தாத்தாளுக்குத் தெரியாமல் அங்கே எதுவும் நடக்காது என்பது கோயமுத்தூரில் எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

வாத்தியார் எனக்குப் பக்கத்து வீடு. பாதிரியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் புளூட்டோ என்று புதுக் கிரகம் அகப்பட்டதைப் பேப்பரில் படித்தார். அன்று பிடித்த கிறுக்கு. அதற்கும் அப்பால் இன்னொன்று இருக்கும் என்பார். சீமைக்குத் திரும்பிப்போன ஒரு டாக்டரிடம் பழைய தூரக்கண்ணாடி வாங்கி மொட்டை மாடியில் வைத்தார். சம்பளம் பள்ளிக்கூடத்தில், குடித்தனம் ஆகாசத்தில் என்று நான்தான் சொல்லிவைத்தேன். வீதி சிரித்தது.

அவர் வேலை இதுதான். தெரிகிற நட்சத்திரங்களைத் தாளில் ஊசியால் குத்துவார். மறுநாள் அதே இடத்தைப் பார்த்து இன்னொரு தாளில் குத்துவார். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து விளக்குக்கு முன்னால் பிடித்தால் ஓட்டைகள் பொருந்தும். பொருந்தாமல் ஒன்று தள்ளி நின்றால் அதுதான் தேடின ஆள். நேற்று வாசலில் கிடந்த செருப்பு இன்றைக்கு எங்கே என்று நானும் அதைத்தான் பார்க்கிறேன். எனக்கு யாரும் வாத்தியார் பட்டம் கொடுக்கவில்லை.

மாடியில் விளக்கு வைத்துக்கொள்ள மாட்டார். வெளிச்சம் பட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக நேரமாகுமாம். இறங்குவதும் இருட்டில்தான். விளிம்பில் எப்போதும் ஒரே இடத்தில் காலைத் தொங்கவிட்டு, ஏணியின் மேல்படியைத் துழாவி இறங்குவார். என் பக்கவாட்டுச் சன்னல் விளக்குதான் அவருக்குச் சத்துரு. அதன் வெளிச்சம் அவர் கொல்லையில் ஏணிவரை விழும்.

“ஏனுங்க அக்கா, அந்த வெளக்கக் கொஞ்சம் அமத்தி வெப்பீங்களாங்க? உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“புண்ணியம் உங்க மேலோகத்துலயே இருக்கட்டுங்க வாத்தியாரே. எனக்கு அக்கம்பக்கம் தெரியோணும்.”

அணைக்கவில்லை. என் வீடு, என் எண்ணெய்.

பிறகு, சனிக்கிரகத்தின் வளையத்தைக் காட்டுகிறேன் என்று வீதிக்காரர்களை மாடிக்கு ஏற்ற ஆரம்பித்தார். வேங்கடசாமி ஏறினார். முழங்கால் வலிக்காரி மாசாணியம்மாள்கூட ஏறினாள். பொழுது சாய்ந்தால் என் வாசலுக்கு வந்து “அப்புறம் என்ன சங்கதி” என்கிற சனம் ஒன்றும் வரவில்லை. சோமனூரில் ஒரு கல்யாணம் தாலி கட்டும் நேரத்தில் நின்றுபோன கதையை வைத்துக்கொண்டு, சொல்ல ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, ஐயா.

அந்தச் சமயத்தில் அவர் தாளில் ஒரு புள்ளி நகர்ந்துவிட்டது. “இன்னைக்கு ஒருக்காப் பாத்துப்போட்டா உறுதிங்க. நாளைக்கே பெரிய ஆராய்ச்சிக்காரங்களுக்கு எழுதிப்போடுவேன்” என்று வீதி முழுக்கச் சொன்னார். அவர் மனைவி விமலாராணி மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். இனி என் வாசலுக்கு யார் வருவார்கள்?

அன்று அவர் ஏறிய பிறகு ஏணியை நகர்த்தினேன். ஒரு முழம். துவைக்கிற கல்லோரம் நின்றதை முருங்கை மரத்தோரம் சாய்த்தேன். இறங்க முடியாமல் விடியும்வரை மாடியில் குந்தியிருக்கட்டும், காலையில் வீதி பார்த்துச் சிரிக்கட்டும் என்றுதான். விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. தலை கல்லில் பட்டிருந்தது. ஏணியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுத்தான் கூப்பாடு போட்டேன். கால் இடறிவிட்டது என்று எல்லாரும் நம்பினார்கள்.

சனம் என் வாசலுக்குத் திரும்பி வந்தது. அந்த ராத்திரியைப் பற்றித் தினமும் கேட்டார்கள், தினமும் சொன்னேன். விமலாராணியும் ஓரமாக உட்கார்ந்து கேட்பாள். அழமாட்டாள். ஒருநாள் மற்றவர்கள் போனபின் வாயைத் திறந்தாள்.

“அக்கா, முந்தாநாள் சொன்னப்ப ஏணி கல்லோரம் நின்னுச்சுன்னீங்க. நான் ஓடி வந்தப்பவும் அங்கதான் இருந்துச்சு. இன்னைக்கு, ஏணி முருங்கையோரம் இருக்க மனுசன் இங்க கால வெச்சுப்போட்டாருன்னீங்க. மத்ததெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு பொருந்துதுங்க. ஏணி மட்டும் நகந்திருக்குதுங்க.”

எழுந்து நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள். கெட்டிக்காரி. புருஷனிடம் படித்தது வீண்போகவில்லை.

அவருடைய புள்ளி என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் மேகம் மூடிக்கொண்டது. அப்புறம் தேட ஆளில்லை. என் வீட்டில் இப்போதெல்லாம் விளக்கு விடியும்வரை எரிகிறது. அணைத்தால் கேட்கிறது, ஐயா. மாடி விளிம்பில் ஒரு கால், இல்லாத படியைத் துழாவுகிற சத்தம்.

மாடியிலேயே குந்தவைப்பதுதான் எண்ணமென்றால் ஏணியை முழுசாக எடுத்துவிட்டிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். அது எனக்குத் தோன்றவில்லை. அதற்காக என்னைக் கெட்டவள் என்று எழுதிவிடாதீர்கள். அத்தனை நாள் கெஞ்சிய மனுஷன் ஆயிற்றே என்று, ஏணியை நகர்த்திய கையோடு, அன்றைக்கு மட்டும் என் சன்னல் விளக்கையும் அணைத்து வைத்தேன். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.