கீரைக்கு மதிப்பெண்

முருங்கைக்கீரையை யாரும் உட்கார்ந்து ஆய வேண்டியதில்லை. சாயங்காலமே கொப்போடு ஒடித்து வந்து பழைய வேட்டித் துணியில் இறுகச் சுற்றி மூலையில் வைத்துவிட்டால், விடியும்போது இலைகள் தாமாகவே உதிர்ந்து கிடக்கும். துணியைப் பிரித்துக் காம்பை உதறினால் வேலை முடிந்தது. சேரன்மகாதேவியில் எல்லாப் பெண்களுக்கும் இது தெரியும். ஓர் ஆண் செய்தபோதுதான் தெருவுக்குச் செய்தியானது.

அந்த ஆண் நான்தான். பெயர் தில்லைநாயகம். பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவன். தெருவில் எனக்கு 'சார்வாள்' என்று பெயர். என் மனைவி சித்ரலேகா, பெண்கள் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தவள், இறந்து ஒரு வருடம் ஆகிறது. எப்படி இறந்தாள் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே எல்லோரும் ஆறுதல் சொல்லிவிட்டார்கள். பாடம் நடத்திப் பழகியவனுக்குக் கேள்வியே வராமல் இருப்பது சங்கடம். ஆகவே நானே எழுதுகிறேன்.

எங்களுக்குள் சண்டை கிடையாது. அவள் சமையலுக்கு நான் மதிப்பெண் போடுவேன், அவ்வளவுதான். சாம்பாரோ சொதியோ, முதல் கவளம் இறங்கியதும் பத்துக்கு இத்தனை என்று சொல்லிவிடுவேன். ஏழுக்குக் கீழே போட்டதே இல்லை. மேலேயும் போட்டதில்லை, மேலே போட்டால் முயற்சி நின்றுவிடும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரிந்த விஷயம். அவளும் ஆசிரியைதான். புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன்.

போன வருடம் ஆடி மாதம், அவள் ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில், ஒரு மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"சஷ்டி முடிஞ்சதும் நான் பாளையங்கோட்டைக்குப் போறேன். இசக்கியம்மா வீட்டு மாடி சும்மாதான் கெடக்கு."

"எத்தன நாளைக்கு?"

"நாள் கணக்கெல்லாம் இல்ல. இனி அங்கனதான்."

"இங்கன என்ன கொற?"

"கொற ஒண்ணும் இல்ல. மார்க்கு போடாத சோத்த மிச்ச நாளைக்குத் தின்னு பாப்போமேன்னு தோணுது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இசக்கியம்மா அவளோடு வேலை பார்த்த தையல் டீச்சர். கணவர் இல்லை. உப்புக் கூடினாலும் குறைந்தாலும் கேட்க ஆளில்லாத வீடு. அப்படி ஒரு வீட்டில் சமையல் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

அறுபது வயதில் மனைவி பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் தெருவில் என்ன கேட்பார்கள் என்றும் யோசித்தேன். 'வீட்டம்மா எங்க சார்வாள்?' என்பார்கள். வாழ்நாள் முழுக்க விடை சொல்லிக்கொடுத்தவனிடம் இதற்கு விடை இல்லை.

அவள் உடம்பைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவள் இதயத்தின் வால்வு ஒன்றைக் கெடுத்து வைத்திருந்தது. ஐம்பதை நெருங்கும்போது அதை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். வீடு அமைதியாக இருந்தால் அவள் பக்கத்தில் டிக், டிக் என்று கேட்கும். அந்த வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை. அளவு குறைந்தால் ரத்தம் உறைந்து அடைக்கும். கூடினால் ஒழுகுகிற ரத்தம் நிற்காது. மாதம் ஒருமுறை ரத்தத்தைச் சோதித்து டாக்டர் அளவைச் சொல்வார். கீரையை எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும், திடீரென்று கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்கள். அவள் அதைக் காதிலேயே வாங்கவில்லை. "சாப்பாட்டு விசயமெல்லாம் அவுகளுக்குத் தெரியும்" என்று என்னைக் கைகாட்டிவிட்டாள்.

எனக்குத் தெரியும்தான். கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் ஏ, டி, ஈ, கே. வகுப்பில் அவர்களை 'நால்வர்' என்று நடத்துவேன். சைவ வீட்டுப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். பி, சி எல்லாம் தண்ணீரில் கரைகிற வழிப்போக்கர்கள். மிஞ்சினால் சிறுநீரோடு போய்விடுவார்கள். நால்வர் அப்படியல்ல. எண்ணெயோ நெய்யோ கூட வர வேண்டும், பித்தநீர் கரைத்துவிட வேண்டும், அப்போதுதான் குடலைத் தாண்டுவார்கள். உள்ளே வந்துவிட்டால் ஈரலிலும் கொழுப்பிலும் தங்குவார்கள். ஏ மாதக்கணக்கில் ஈரலை விட்டு அசையாது. டி-யும் சீக்கிரம் கிளம்பாது. நால்வரில் கே மட்டும் தனி ரகம். உடம்பு அதை அதிகம் சேர்த்து வைக்காது. வரத்து நின்றால் சில நாளில் காலி. முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு மாடி பார்த்துப் போகிறவர்களை அப்போது நான் கண்டதில்லை. அதனால் வகுப்பில் இதற்கு உதாரணம் சொல்ல முடியாமல் போயிற்று.

கே இல்லாமல் ரத்தம் உறையாது. ஈரலில் நடக்கும் பந்தியில் அது தட்டு மாதிரி. அந்தத் தட்டை வைத்துத்தான் ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களை ஈரல் தயார் செய்கிறது. ஒரு பந்தி முடிந்ததும் தட்டைக் கழுவி அடுத்த பந்திக்கு எடுத்துக்கொள்ளும். சித்ரலேகாவின் மாத்திரை, தட்டு கழுவுகிறவனின் கையைப் பிடித்துக்கொள்ளும். புதுத் தட்டுகள் நிறைய வந்து இறங்கினால் மாத்திரையின் பாச்சா பலிக்காது. டாக்டர் அளவைக் கூட்டுவார். கூட்டிய பிறகு புதுத் தட்டு வருவதே நின்றுபோனால் என்ன ஆகும் என்பது இரண்டு மதிப்பெண் வினா.

மறுநாளே சமையலறையை நான் எடுத்துக்கொண்டேன். "போறது வரைக்கும் நீ உக்காந்து சாப்பிடு" என்றேன். கொல்லையில் முருங்கை நின்றது. தேங்காயெண்ணெய் தாராளமாக விட்டு, தேங்காய்ப்பூ போட்டுத் துவட்டி, தினமும் அவள் தட்டில் ஒரு குவியல் வைத்தேன். எண்ணெய் எதற்கு என்று மேலே சொல்லிவிட்டேன்.

"கீரைய ஒரே அளவா திங்கணும்னாங்கல்லா?" என்று முதல் நாள் கேட்டாள்.

"அது பழைய ஆராய்ச்சி. இப்ப மாத்திட்டாங்க."

தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டாள். உயிரியலில் அவள் என்னை எதிர்த்துப் பேசியதே கிடையாது.

பக்கத்து வீட்டுக் கோமு மதில் வழியாக எட்டிப் பார்த்தாள். "மதினி, நீங்க என்ன தவம் செஞ்சீகளோ. எங்க வீட்டு ஆளுக்குத் தண்ணி மோந்து குடிக்கவே நான் போவணும். சார்வாளப் பாருங்க, பொண்டாட்டிக்குக் கீரை ஒடிக்காரு."

"வேணும்னா கொண்டு போங்க கோமு. ஒரு வாரம் வச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள் சித்ரலேகா.

அவள் முப்பது வருடம் சமைத்ததைப் பற்றி அந்தத் தெருவில் ஒரு வார்த்தை எழுந்ததில்லை. நான் ஒரு வாரம் கீரை ஒடித்ததற்குக் கோயில் கட்டாத குறை. டீக்கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். இரண்டு வீடுகளில் என்னைச் சொல்லிக் கணவன்மாருக்குத் திட்டு விழுந்தது.

அந்த முதல் மாதம் என் மனதில் கெட்ட எண்ணம் முழுதாக உருவாகியிருக்கவில்லை. என் பக்குவத்தைப் பார்த்தாவது அவள் மாடியை மறந்துவிடுவாள் என்று இருந்தேன். தினமும் கேட்பேன். "எப்படி இருக்கு?"

"கீரை மாதிரி இருக்கு."

மூன்று மாதமும் இதே பதில். இதற்குப் பூஜ்யம் போட்டிருக்கலாம். பூஜ்யத்திலாவது ஒரு கவனிப்பு இருக்கிறது.

மாதச் சோதனையில் ரத்தம் தேவைக்கு மேல் சீக்கிரமாக உறைந்தது. டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "சாப்பாட்டுல ஏதாச்சும் மாத்தம் உண்டா? கீரை கூடிப்போச்சா?" சித்ரலேகா என்னைப் பார்த்தாள். "எப்பவும் போலத்தான் டாக்டர்" என்றேன். அவர் மாத்திரையைக் கூட்டினார். வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "தெனமும் திங்கேன்னு சொல்லலியே?"

"சொன்னா குழம்பிக்கிடுவாரு. மாத்திரதான் கூட்டிட்டாருல்லா."

அடுத்த மாதம் இன்னும் கூட்டினார். அவர் கைராசிக்காரர் என்று ஊரில் பேச்சு. கை அவருடையதுதான்.

இசக்கியம்மா வருடந்தோறும் கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூரில் போய்த் தங்கி ஆறு நாளும் விரதம் இருப்பாள். சித்ரலேகாவுக்கும் ஆசை உண்டு. உடம்புக்கு ஆகாது என்று ஒவ்வொரு வருடமும் தடுத்தவன் நான். இந்த முறை, "போயிட்டு வா. இருக்கதுன்னா ஒழுங்கா இரு. பாலும் பழமும் மட்டும் போதும், ஒரு வேளச் சோறுகூட வேண்டாம்" என்றேன். "என்னங்க, திடீர்னு பக்தி முத்திட்டு?" என்றாள். சந்தோஷப்பட்டாள் என்றுதான் நினைக்கிறேன். பாலிலும் வாழைப்பழத்திலும் கே இல்லை என்றே சொல்லலாம்.

தீபாவளிக்கு முந்தின நாளோடு கீரையை நிறுத்தினேன். பண்டிகை நேரத்தில் யார் வீட்டிலும் கீரை தேட மாட்டார்கள். ஆறு நாளுக்கான மாத்திரைகளை, டாக்டர் கூட்டிய அளவின்படி, ஆறு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தேன். தினமும் காலையில் போன் செய்து போட்டாளா என்று கேட்டேன். விடுதியில் கூட இருந்த பெண்களெல்லாம் அசந்துபோனார்களாம். ஐந்தாம் நாள் பேசியதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆறாம் நாள் சூரசம்ஹாரம். கடற்கரையில் கூட்டத்துக்கு நடுவே தலை வலிக்கிறது என்று மணலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இசக்கியம்மா பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்து சேர்த்தாள். நானும் போய்ச் சேர்ந்தேன். தலைக்குள் ரத்தம் கசிகிறது, வைட்டமின் கே ஊசி போட்டிருக்கிறோம் என்று அங்கிருந்த இளம் டாக்டர் எனக்கு விளக்கினார். நல்ல மாணவனைப் போலக் கேட்டுக்கொண்டேன். மூன்று மாதம் நான் கொப்புக் கொப்பாகக் கொடுத்ததை அவர்கள் ஒரே ஊசியில் கொடுத்தார்கள். ஆனால் கே வந்து சேர்ந்தாலும் ஈரல் மறுபடி பந்தி போட்டு முடிக்க மணிக்கணக்கில் ஆகும். ரத்தமும் ஏற்றினார்கள். போதவில்லை. அருகே நின்றபோது டிக், டிக் என்று வால்வு மட்டும் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் இல்லை.

வீட்டுக்குக் கொண்டு வந்தோம். தண்ணீர் எடுக்க அடுக்களைக்குள் போன கோமு, மூலையில் வேட்டித் துணி சுற்றியிருப்பதைப் பார்த்துவிட்டாள். இசக்கியம்மாவின் போன் வருவதற்கு முன் நான் ஒடித்துச் சுற்றி வைத்த முருங்கை. துணியோடு தூக்கிக்கொண்டு வந்து எல்லோர் முன்னாலும் விரித்தாள். "பாத்தீகளா, மகராசி விரதம் முடிஞ்சு வருவான்னு மனுசன் கீரை ஒடிச்சு வச்சிருக்காரு" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். இலையெல்லாம் தாமாக உதிர்ந்து கிடந்தது. தெருவே அழுதது. அப்படி ஒரு கணவன் வாய்க்காதா என்று அதில் சிலர் நினைத்திருப்பார்கள். இசக்கியம்மா மட்டும் அழாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் தையல் டீச்சர்.

சித்ரலேகாவைக் கொன்றது நான்தான். அவளுக்கு நான் விஷம் எதுவும் கொடுக்கவில்லை. சத்துள்ளதைக் கொடுத்தேன், பிறகு கொடுக்கவில்லை. இது குற்றப் பட்டியலில் எங்கே வரும் என்று படித்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அவள் போய்விடுவாளே என்ற பிரிவுத் துயரத்தில் செய்தேன் என்றுதான் இதுவரை எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன்.

ஐந்தாம் நாள் காலைப் பேச்சு இதுதான்.

"பல்லு தேய்க்கையில ரத்தமா வருதுங்க. கையில அங்கங்க ஊதாவா கன்னிப்போயிக் கெடக்கு."

"விரதத்துல அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"இருக்கும். நாளக்கழிச்சு வந்ததும் அந்தக் கீரைய வைங்க, என்ன. நாக்குத் தேடுது."

என் கீரையைப் பற்றி அவள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை. அந்த நிமிஷத்திலும் நேரம் இருந்தது. மாத்திரையை நிறுத்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்று நான் சொல்லியிருந்தால், ஓர் ஊசியோடு போயிருக்கும். சொல்லலாம் என்றுதான் வாயெடுத்தேன். அதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"அப்ப, பத்துக்கு எத்தன போடுவ?"

அவள் சிரித்தாள். "கீரைக்கெல்லாம் யாராச்சும் மார்க்கு போடுவாகளா?"

"சரி, மாத்திரய மறந்துராத" என்று சொல்லி வைத்துவிட்டேன்.